ஜோடியாகத்தான் தருவேன்

“ஒண்ணு போதும்மா. பொண்ணுக்கு பர்த்டே கிஃப்ட்” என்று, பறவை கேட்டு வந்தவர் கூண்டுக்குள் கையை விட்டார். மூடிப்போன ஒரு பறவைக் கடையிலிருந்து மீட்டு, வளர்ப்பவர் கிடைக்கும்வரை செம்பூரில் என் வீட்டில் வைத்திருந்த இரண்டு லவ்பேர்ட்ஸும் கீச்சென்று அலறின. அந்தச் சத்தத்தில் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

தாராவியில் வாப்பாவின் பெல்ட் பட்டறை. தோலும் பசையும் கலந்த நெடிக்கு நடுவே எங்கள் ஜோடிப் பறவைகளின் கூண்டு வாசலில் தொங்கும். டீயை சாசரில் ஊற்றி ஆற்றும்போதெல்லாம் வாப்பா அவற்றோடு பேசுவார். அப்படிப்பட்டவரே ஒருநாள், பெரிய ஆர்டர் தந்த மாட்டுங்கா கடைக்காரர் ஆசைப்பட்டார் என்று ஒன்றைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். மிஞ்சியது தினையைத் தொடவில்லை. நாள் முழுக்கக் கத்தியது.

மறுநாள் பள்ளி விட்டதும் மாட்டுங்காவுக்கு நடந்தேன். “எங்க பறவையக் குடுங்க. இல்லாட்டி இங்கயே இருப்பேன்” என்று கடைப் படியில் உட்கார்ந்தேன். வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்க்க, கடைக்காரர் முகம் சிவந்து பறவையை ஒரு பெட்டியில் வைத்து நீட்டினார்.

“யாரக் கேட்டுப் போன, புள்ள? ஆர்டர் போச்சுன்னா என்ன செய்ய?” என்று வாப்பா கை ஓங்கினார். நான் நகரவில்லை.

“நீங்க யாரக் கேட்டுக் குடுத்தீங்க?”

ஓங்கிய கை மெல்ல இறங்கி, பெட்டியை வாங்கி, பறவையை அதன் ஜோடியிடம் விட்டது.

இப்போது, வந்தவரின் கையைக் கூண்டிலிருந்து விலக்கினேன். “ரெண்டும் சேர்ந்துதான் போகும். இல்லாட்டி போகாது.”

“ஒரு பறவைக்கு இவ்வளவு நக்ராவா, இவ்வளவு பிகுவா?” என்று முறைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் கோவண்டியிலிருந்து ஒரு டீச்சர் வந்து இரண்டையும் கேட்டார். அவருடைய வீட்டையும் கூண்டையும் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன். அவருக்குக் கொஞ்சம் கோபம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.