மூன்றாம் பாகத்துப் பாலம்

துபாயிலிருந்து அண்ணன் பேசியபோது பின்னால் இரும்புச் சங்கிலி கிறீச்சிட்டது. வீடியோ கேமில் வரும் தொங்கு பாலத்தின் சத்தம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

சின்ன வயதில், திருச்சுழிப் பக்கத்து எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் நானும் அண்ணனும் அந்தச் சாகச விளையாட்டின் மூன்று பாகங்களையும் ஆடினோம். மூன்றாவதில் சண்டையே இல்லை, புதிர்கள் மட்டும்தான். அண்ணனின் கூட்டாளிகள் அதைக் காறித் துப்பினார்கள். எனக்கோ அதுதான் உயிர். சாயங்காலம் நான் பாலத்தில் கால் வைக்கும் நேரத்துக்குத்தான் மோட்டார் ஓடத் தேவையான த்ரீ பேஸ் கரண்ட் வரும். அப்பா ஈரத் துண்டோடு ஓடிப்போய்க் கிணற்று மோட்டாரைப் போடுவார். விளக்கு மங்கும், கம்ப்யூட்டர் அணைந்துவிடும். ஒருநாள்கூட நான் அந்தப் பாலத்தைத் தாண்டியதில்லை.

"இது டுபாக்கூர் கேமு," என்றான் அண்ணன்.

"இல்லண்ணே, மோட்டாரு போடுறதுனாலதான் நிக்குது."

"பொட்டப்பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்று சிடியை முழங்காலில் வைத்து உடைத்தான்.

இப்போது சொல்கிறான்: "நம்ம பழைய மூணாம் பாகத்தையே புதுசாக்கி விட்டுருக்காய்ங்கத்தா. என்னா கேமுங்கிற! அன்னைக்கி யாரு இத மட்டம்னு சொன்னது?"

"நீதாண்ணே."

"நானா?" என்று சிரித்தான். "சரி விடு. பாலத்துக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு சொல்லவா?"

"சொன்னீன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்," என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.