மில் கதவைத் திறந்தது யார்?

என் வீட்டுக்காரருக்கு ஊர் வரலாறு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கேட்கவே வேண்டாம். சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம், நான் நின்றுகொண்டு சாப்பிடுகிறேன்.

அதிலும் ஒரு பிடிவாதம். எந்தச் சங்கதியானாலும், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே மாதிரி சொன்னால்தான் புத்தகத்தில் ஏறும். அதனாலேயே ஊர்ச் சண்டைகள் அவருக்கு அத்துப்படி. "எல்லாரும் ராசியாயிட்டா என் பொழப்பு போச்சு" என்பார்.

கடைசியாகப் பாக்கி நின்றது பெருவெள்ளம். அன்று மில் கதவைத் திறந்து, தெருவையே மாடியில் ஏற்றிக் காப்பாற்றியவர் மில் மேனேஜராக இருந்த என் மாமனார் என்பது ஊர்ப்பேச்சு. அங்கே மூட்டை தூக்கியவரின் மகன் மட்டும் எங்கள் வாசலை மிதிப்பதில்லை. இவரே தேடிப்போய்க் கேட்டார்.

"உங்கப்பா திறக்கவே இல்ல. எங்க சித்தப்பாதான் கோடாலியால உடைச்சாரு. அதுக்குள்ள எங்கம்மாவ வெள்ளம் அடிச்சிட்டுப் போயிடுச்சு."

வீடு திரும்பியவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அன்று பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பது என் நாத்தனார் மட்டும்தான். அப்போது சிறுமி, இவர் பிறக்கவே இல்லை. பிற்பாடு தாயில்லாத இவரைத் தூக்கி வளர்த்தவர். அப்பாவைப் பற்றி யாராவது ஒரு சொல் தப்பாகச் சொன்னால் வீட்டை ரெண்டாக்கிவிடுவார்.

"ஒரு சாட்சிதானே, விட்டுத் தொலைங்க. உங்க சட்டப்படியே எழுத வேண்டாமே" என்றேன். அக்காவும் தம்பியும் பிரிந்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

"எனக்குப் பிடிக்காததுக்கு மட்டும் சட்டம் பேசினா, நான் எதுக்குடி எழுதணும்?"

தினமும் அக்கா வீட்டுக்குப் போனார். நாத்தனார் வாய்க்கு வந்தபடி திட்டினார். மனுஷன் அசையாமல் உட்கார்ந்துவிட்டு வந்தார், மறுநாளும் போனார்.

ஒரு நாள் நாத்தனாரே எங்கள் வீட்டுக்கு வந்து, மேசைக் காகிதங்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

"சாவி என் மடியிலதான்டா இருந்துச்சு. 'கதவத் திறந்தா சரக்கெல்லாம் போயிடும், எழுந்திருக்காத'ன்னு அப்பா வச்சாரு. வெளிய தட்டுறாங்க. ஒரு பொம்பள என் பேரச் சொல்லியே கூப்பிட்டா. நான் எழுந்திருக்கல."

இவர் பேனாவைக் கீழே வைத்தார். "உன்னப் பத்தி வேண்டாம்க்கா."

"அப்பாவ எழுதுவ, என்ன விட்டுடுவியா? எழுதி வாசிச்சுக் காட்டு. அதுவரைக்கும் நான் போகமாட்டேன்."

எழுதினார். வாசிக்கத் தொடங்கினார். நாத்தனார் பாதியில் நிறுத்தினார்.

"'ஒரு பெண்'னு போடாத. கூப்பிட்டது, நம்ம வாசல மிதிக்காம இருக்கானே, அவனோட அம்மா."