ஹைட்ரஜனுக்காக அணைத்த விளக்குகள்

தினமும் பசியாறியதும் கைப்பேசியை அணைத்து, பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடுகிறேன். காலைச் சாப்பாட்டைப் ‘பசியாறுவது’ என்று சொல்ல இந்த நாட்டில்தான் கற்றேன். டின்னுக்கு வெளியே இருந்தால் என் கைப்பேசியே என் வேலையைக் கெடுத்துவிடும். கெமாஸ் ஊருக்கு அப்பால், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் பள்ளத்தில் வானொலி இரைச்சலை அளக்க வந்திருக்கிறேன். முதல் நட்சத்திரங்கள் எரியத் தொடங்கிய காலத்தில் வெளியெங்கும் பரவியிருந்த ஹைட்ரஜன் விட்ட அலை, விரியும் பிரபஞ்சத்தோடு தானும் நீண்டு, இன்று எஃப்.எம். பாட்டு வரும் அலைவரிசையில் வந்து விழுகிறது. மிக மெலிந்த அலை. அதை மூழ்கடிக்க ஒரு மலிவான எல்.இ.டி. விளக்கு போதும்.

பள்ளத்துக்கு மேலே, தோட்டத் தொழிலாளர் லயத்தில் சில தமிழ் வீடுகள். இரைச்சல் அங்கிருந்துதான் வந்தது. நாள் முழுக்கச் சுத்தமான பதிவு ஒன்று கிடைத்தால் ஆண்டெனாவை இங்கேயே நிறுவுவார்கள், நானும் இருப்பேன். இல்லையென்றால் வார முடிவில் கிளம்ப வேண்டும். அந்த வாரத்தில் தோட்டத்து லாரிகள் ஓடாதது ஒரு விடுமுறை நாளில் மட்டும்தான். அதற்கு முந்தின நாள் வீடு வீடாகப் போய், நாளைக்கு டிவி, விளக்கு, ஃபோன், மோட்டார் சைக்கிள் எதுவும் வேண்டாம் என்று கேட்டேன்.

“ரொம்பத் தூரத்துலேர்ந்து எப்பவோ கிளம்பினது. இப்பத்தான் வந்து சேருது” என்று காரணமும் சொன்னேன்.

செம்பனைப் பழம் பொறுக்கும் பார்வதி அக்கா என் தோளைத் தொட்டார். “சரி தங்கச்சி. நாங்க பாத்துக்கிறோம்.”

மறுநாள் திரையில் கோடு அசையாமல் கிடந்தது. அப்படியொரு அமைதியை எந்த இடத்திலும் நான் பதிந்ததில்லை. முற்பகலில் அது பல் பல்லாக எகிறியது. அக்காவின் கணவர் முனியாண்டி மோட்டாரில் சோற்றுப் பானையோடு வந்து நின்றார். பின்னால் லயமே நடந்து வந்தது.

“மோட்டார் வேணாம்னு சொன்னேன்லா!”

“பானையைத் தலையில தூக்கியாருவியா நீ?”

அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். “சாவு வீட்டுல அடுப்பு எரியக்கூடாது, அதான் சோறு. டிவியெல்லாம் நாங்களே போட மாட்டோம் தங்கச்சி, நீ வந்து கேக்கணுமா? தூரத்துலேர்ந்து இப்பத்தான் வந்து சேருதுன்னியே, யாரு தவறின சேதி?”

யாருமில்லை, மோட்டாரை அப்புறப்படுத்துங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். “அம்மா” என்று வந்தது.

விருதுநகரில் எங்கள் தெருவில் சாவென்றால் வாசலில் நிற்க இடமிருக்காது. அம்மாவைக் கொண்டுபோனதை இங்கே சிரம்பானில், வாடகை அறையில் கைப்பேசியில் பார்த்தேன். கதவை யாரும் தட்டவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் வழக்கமான ரயிலில் வேலைக்குப் போனேன்.

“போன வருஷம்” என்றேன். எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

“இருக்கட்டும்லா. எங்களுக்கு இப்பத்தானே தெரியுது. ஊரு எந்தப் பக்கம்?”

மேற்கே, சற்று வடக்காகக் கை காட்டினேன். அக்கா என் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டார். செம்பனை மட்டைகளைத் தவிர அங்கே எதுவும் தெரியவில்லை.

“இத நிறுத்தணுமா?” என்று முனியாண்டி அண்ணன் கருவியைக் காட்டினார்.

வேண்டாம் என்றேன். எனக்குப் பின்னால் அது எங்கள் இரைச்சலைப் பதிந்துகொண்டிருந்தது.