பிறந்தநாளுக்கு ஏலக்காய் மாலை

போன வாரம் போடி கடைவீதியில் ஒருவர் ஏலக்காய் மாலை ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னை இடித்துவிட்டுப் போனார். அந்த வாசனைக்கு மற்றவர்களுக்குப் பாயசம் ஞாபகம் வரும். எனக்கு எங்கள் பழைய நகராட்சித் தலைவரின் கழுத்து ஞாபகம் வந்தது. என் மூக்கு வாங்கி வந்த வரம் அப்படி.

ஜீப் ஸ்டாண்டில் ‘மெட்டு, மெட்டு’ என்று மலைக்குப் போகும் ஜீப்புகளுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்தான் அவர். கொடி பிடித்தார், கவுன்சிலரானார், தலைவருமானார். அப்புறம் ஸ்டாண்டே அவருடையதாகிவிட்டது. மலை எஸ்டேட்டுக்குக் கூலிவேலைக்குப் போகும் எங்களில், அவர் கூட்டத்துக்கு வராதவளுக்கு மறுநாள் ஜீப்பில் இடமில்லை. மலையேற முடியாவிட்டால் கூலி ஏது? நானும் வாயை மூடிக்கொண்டுதான் போனேன். என் வாய்க்கொழுப்பெல்லாம் வீட்டோடு சரி.

எஸ்டேட்டில் உலர்த்திய ஏலக்காயைத் தரம் பிரிப்பது எங்கள் வேலை. அவருடைய பிறந்தநாளுக்கு ஒவ்வொரு ஜீப் ஆட்களும் அவருக்கு ஓர் ஏலக்காய் மாலை போடவேண்டும், காயை மடியில் கட்டிக் கொண்டுவாருங்கள் என்று உத்தரவு வந்தது. அள்ளிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. எங்கள் ஜீப்பில் வரும் பேச்சியக்கா முடியாது என்றாள். களவாணி என்று பேர் வாங்கினால் எந்த எஸ்டேட்டிலும் அவளைச் சேர்க்கமாட்டார்கள்.

விழா மேடைக்கு அவள் செவ்வந்தி மாலையோடு ஏறினாள். மைக் பக்கத்திலேயே இருந்தது.

“அண்ணே, எஸ்டேட்டுக் காயைக் களவாண்டு கொண்டாரச் சொன்னீக. எனக்கு அது வராது. இது காசு குடுத்து வாங்குன பூ.”

மேடையிலிருந்த எஸ்டேட் முதலாளிகளுக்கு, ஏலக்காயைக் கண்டால் உரித்துப் பார்க்காமல் கை சும்மா இருக்காது. ஒருவர் தலைவரின் கழுத்தில் கிடந்த மாலையிலிருந்தே ஒரு காயைப் பிய்த்து உரித்தார், முகர்ந்தார்.

“இது நம்ம காயில்ல?” என்றார்.

மறுநாள் காலை பேச்சியக்காவை ஜீப்பில் ஏற விடவில்லை. நீங்க போங்கடி என்று எங்களிடம் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் கால் தானாக இறங்கியது. பின்னாலேயே எல்லாரும் இறங்கினார்கள். அடுத்தடுத்த ஜீப்புகளும் காலியாயின. பழுத்த காய் செடியில் கிடக்க, முதலாளிகளே வண்டி அனுப்பினார்கள். அவருக்குத் தேர்தல் செலவு செய்துவந்தவர்களும் அவர்கள்தான். அந்தக் கை நின்றது, கட்சியும் கைவிட்டது. அடுத்த தேர்தலில் டெபாசிட் போயிற்று.

இன்று அவர் பேரைச் சொன்னால் ஸ்டாண்டில் நிற்கும் பெண்பிள்ளைகள் யாரது என்று கேட்கிறார்கள். எனக்கு வயிறு குளிர்கிறது. அதைக் கேட்கத்தான் பேச்சியக்கா இல்லை. இருந்தாலும் நின்று ரசித்திருக்க மாட்டாள். “வெட்டிப்பேச்சு எதுக்கு, வெரசா ஏறுங்கடி” என்றிருப்பாள்.