இரண்டாம் நம்பரைத் தேடி மேடவாக்கத்துக்கு

டிவி ஜோடி நிகழ்ச்சி ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது, முன்னே பின்னே போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று போன வாரம் ஒரு பெண் இங்கே பின்னூட்டம் போட்டிருந்தார். நான் போயிருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில், கேபிள் டிவி வீட்டுக்கு வீடு வந்த புதிதில், என் தங்கை சுமதிக்குத் துணையாகப் போனேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அப்போது எங்கள் வீடு கூடுவாஞ்சேரியில். காலை ஏழரை மின்சார ரயிலில் தாம்பரம், டிக்கெட் ஆளுக்கு நான்கு ரூபாய். அங்கிருந்து வேளச்சேரி பஸ்ஸில் மேடவாக்கம், சுமார் பத்து கிலோமீட்டர், மூன்று ரூபாய். இன்றைக்கு அங்கே தண்ணீர் லாரிகளுக்கு நடுவில் சாலையைக் கடப்பதே பெரும்பாடு. அன்றைக்கு ஏரியும் வயலும்தான். கூட்டுரோட்டில் ஆட்டோக்காரரிடம் டிவி ஸ்டூடியோ என்றேன்.

"கோழிப்பண்ணைன்னு சொல்லுக்கா. குந்து, பத்து ரூபா குடு," என்றார்.

நிஜமாகவே பழைய கோழிப்பண்ணைதான். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சிவப்பு வெல்வெட் திரை. மின்விசிறி சத்தம் பதிவாகிவிடும் என்று அதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஆட்டம் இதுதான். திரைக்கு இந்தப் பக்கம் பெண், அந்தப் பக்கம் மூன்று பையன்கள். முகம் தெரியாது, நம்பர் மட்டும். பெண் மூன்று கேள்வி கேட்டு, பதில் பிடித்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பரிசு, கடற்கரை ஓட்டலில் ஜோடிக்கு மதியச் சாப்பாடு. துணைக்குப் பெண் வீட்டார் இரண்டு பேர்! கேள்விகளையும் அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். ஆரம்பிக்கும் முன் மைக் சோதனை என்று சுமதியை, "என் தேர்வு ஒன்றாம் நம்பர், என் தேர்வு இரண்டாம் நம்பர், என் தேர்வு மூன்றாம் நம்பர்" என்று சொல்ல வைத்தார்கள். சொன்னாள்.

மனைவிக்குக் கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்பது ஒரு கேள்வி. ஒன்றாம் நம்பர் ரோஜாப்பூ வாங்கித் தருவாராம். இரண்டாம் நம்பர், "கோவத்துல நியாயம் கீதான்னு மொதல்ல கேட்டுக்குவேன்," என்றார். சுமதி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். யாரும் கேட்காமலே, தன் பெயர் வேலு, அம்மா இதே மேடவாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்கிறார் என்று கூச்சமில்லாமல் சொன்னது அவளுக்கு இன்னும் பிடித்துப் போயிற்று. பையன்களை வெளியே அனுப்பிவிட்டு முடிவைக் கேட்டார்கள். இரண்டாம் நம்பர் என்றாள்.

உதவி இயக்குநர் ஓடி வந்தார். "அது சரிப்படாதும்மா. மீன் விக்கிற வீட்டுப் பையன், நாளைக்கு உங்க சொந்தக்காரங்களே சண்டைக்கு வருவாங்க. ஒண்ணாம் நம்பர் அப்பாதான் நமக்கு விளம்பரம் தர்றார், லேஅவுட் போட்டு மனை விக்கிறவர். ஒண்ணுன்னு சொல்லிடு."

"எனக்குப் பிடிச்சவரைத்தான் சொல்வேன் சார்," என்றாள் சுமதி.

"சரி, உன் இஷ்டம்," என்று அவர் போய்விட்டார். பிறகு மூன்று பேரும் வந்து வணக்கம் சொல்வார்கள் என்றார்கள். திரையை விலக்கிக்கொண்டு முதலில் ஒன்றாம் நம்பர் வந்தான், இவளும் மரியாதைக்குச் சிரித்தாள். அவ்வளவுதான், நேரமாகிவிட்டது கிளம்புங்கள் என்று வேனில் ஏற்றிவிட்டார்கள். வழியெல்லாம் அவள் வேலு சொன்ன பதிலையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். ஓட்டலுக்கு எந்தப் புடவை கட்டுவது என்றுகூட முடிவு செய்துவிட்டாள்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான அன்று எங்கள் தெருவே வீட்டில் கூடியிருந்தது. டிவியில் சுமதி, "என் தேர்வு ஒன்றாம் நம்பர்," என்றாள். மைக் சோதனைக்குச் சொன்னதை அப்படியே வெட்டி ஒட்டியிருந்தார்கள். திரை விலகியது, ஒன்றாம் நம்பரைப் பார்த்து அவள் சிரித்தாள். படுபாவிகள். போன் செய்து கேட்டால், நிகழ்ச்சி என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் மேடம் என்கிறான் ஒருவன். ஓட்டல் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மறுநாளே சுமதி என்னை இழுத்துக்கொண்டு மேடவாக்கம் மார்க்கெட்டுக்குப் போனாள். வேலுவின் அம்மாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் உங்க பையனைத்தான்க்கா சொன்னேன். அவங்க மாத்திப் போட்டுட்டாங்க," என்றாள் சுமதி.

"உன் வாயாலதானம்மா சொன்னே? எங்க குப்பமே குந்திகினு பாத்துச்சு. நேத்துலேர்ந்து புள்ள வூட்ட வுட்டு வெளிய வர்ல. நீ இப்ப வந்து வேற ஒண்ணு சொல்ற. நான் எத்த நம்புறது?"

சுமதி அங்கேயே நின்று அழுதாள். அந்த அம்மா அடுத்த மீனை எடுத்தார்.

போகப்போகும் பெண்ணுக்குச் சில வார்த்தைகள். தண்ணீர் எடுத்துப் போங்கள், தரமாட்டார்கள். மைக் சோதனை என்றால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக் காட்டுங்கள், அதற்கு மேல் ஒரு சொல் பேசாதீர்கள். கேமரா ஓடவில்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இதையெல்லாம் கடைப்பிடித்தாலும் தப்பிப்பீர்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

அன்று மார்க்கெட்டிலிருந்து திரும்பி, தாம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது சுமதி சொன்னாள். "அந்தம்மா மேல தப்பே இல்லக்கா. டிவியில பார்த்தப்போ, ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன்."