‘சரிங்க’ என்பதற்கு ஒரு தீர்ப்பு

முதுகில் ‘ஜட்ஜ்’ என்று அச்சடித்த கறுப்பு டீ-ஷர்ட்டைப் போட்டுவிட்டால் மனிதனுக்குத் தலைகால் புரிவதில்லை. எனக்கும் இரண்டு வருடம் புரியவில்லை. டிராகனும் மந்திரவாதியும் அச்சடித்த அட்டைகளை வைத்து இருவர் மோதுகிற ஆட்டத்துக்கு நான் கோயம்புத்தூரில் நடுவராக இருந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து ஆட்கள் கலைந்ததும், எங்கள் பங்குக் கோயிலின் சமுதாயக் கூடத்தில் போட்டி நடக்கும். பிள்ளைகுட்டி பெற்ற ஆண்கள் வகுப்பறை போலக் கையைத் தூக்கி ‘ஜட்ஜ்’ என்று கூப்பிடுவார்கள். எதிராளி அட்டையைச் சத்தமாகக் கலைக்கிறார். எதிராளி ரொம்ப யோசிக்கிறார். எதிராளியின் அட்டை உறையில் திருநீறு ஒட்டியிருக்கிறது, அதை அடையாளமாக வைத்து ஏமாற்றுகிறார் என்று ஒருவர் புகார் சொன்னார். நான் குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தத் திருநீற்றைப் பரிசோதித்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

இந்தக் கூட்டத்தில் நான் மனதார வெறுத்தவர் ஒரு மென்பொருள்காரர். ஆட்டம் அவருக்குச் சுமாராகத்தான் வரும். விதிப்புத்தகம் தலைகீழ்ப் பாடம். தோற்கப்போகிறார் என்றால் கை தானாக மேலே போய்விடும்.

அன்று இறுதி ஆட்டத்தில் அவருக்கு எதிரே கருமத்தம்பட்டியில் விசைத்தறி வைத்திருப்பவர் உட்கார்ந்திருந்தார். ஜெயிக்கிறவருக்கு மட்டும் தேசியப் போட்டியில் இடம். தறிக்காரர் அந்த ஒரே இடத்துக்காக மூன்று வருடமாக வந்துகொண்டிருந்தார்.

மென்பொருள்காரர் தன் டிராகனை முன்னால் தள்ளி, “அட்டாக்” என்றார்.

“சரிங்க,” என்றார் தறிக்காரர். சொல்லிக்கொண்டே கையிலிருந்து தடுப்பு அட்டையை எடுத்து வைத்தார். அது செல்லுமானால் டிராகன் செத்துவிடும், ஆட்டம் தறிக்காரருக்கு. மென்பொருள்காரரின் கை மேலே போனது.

“ஜட்ஜ், நான் அட்டாக் சொன்னேன், இவர் சரின்னுட்டார். ஒத்துக்கிட்டாச்சு. இனிமே தடுக்க முடியாது.”

“இல்லீங்க,” என்றார் தறிக்காரர். “அவரு சொன்னது காதுல உழுந்துச்சுன்னு சொன்னனுங்க. ஒருத்தரு பேசுனா பதிலு சொல்லோணுமில்லீங்களா?”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் பக்கம் சரிங்க என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். பார்க்கலாம் என்றும் அர்த்தம். என் மனைவி ஒரு நாளைக்கு இருபது முறை என்னிடம் சரிங்க என்கிறாள். அதில் ஒன்றையாவது அவள் செய்து நான் பார்த்ததில்லை. மென்பொருள்காரரும் இதே ஊரில், பீளமேட்டில் பிறந்து வளர்ந்தவர்தான். தெரிந்தேதான் கையைத் தூக்கினார்.

ஒப்புக்கொண்ட பிறகு தடுக்கக்கூடாது என்பது விதி. சரி என்றால் ஒப்புதல்தான் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். மாற்றிச் சொன்னால் மென்பொருள்காரர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் என்னை நாறடிப்பார், தறிக்காரர் வாயே திறக்கமாட்டார் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. பயந்தாங்கொள்ளி நான்.

தீர்ப்பு பிடிக்காதவர் தலைமை நடுவரிடம் முறையிடலாம். அவர் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். கேட்கவேண்டியது என் கடமை என்பதால் தறிக்காரரிடம் கேட்டேன்.

“பெரிய ஜட்ஜ்கிட்ட அப்பீல் போறீங்களா?”

“சரிங்க,” என்றார்.

நான் தலையாட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடரச் சொன்னேன். தறிக்காரர் அதற்குமேல் ஓர் அட்டையையும் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோல்வியை எவ்வளவு கௌரவமாக ஏற்கிறார் என்று நினைத்தேன். மென்பொருள்காரர் டிராகனால் அடித்து முடித்து, எழுந்து போய் செல்ஃபி எடுத்துக்கொண்டார். நான் முடிவைக் கணினியில் பதிந்தேன். பதிந்தால் பதிந்ததுதான், யாராலும் மாற்ற முடியாது.

கால்மணி நேரம் கழித்து மேஜைகளை மடக்க வந்தபோது தறிக்காரர் அதே நாற்காலியில் இருந்தார். தடுப்பு அட்டையும் வைத்த இடத்திலேயே இருந்தது.

“ஏனுங்க,” என்றார், “பெரிய ஜட்ஜ் எப்ப வருவாருங்க?”

சரி என்றால் ஒப்புதல் என்று தீர்ப்புச் சொன்ன அதே வாயால், “நீங்க வேண்டாங்கறீங்கன்னு நெனச்சுட்டனுங்க” என்றேன்.