கயிற்றைத் தொடாத இரண்டு நாட்கள்

எங்கள் ஊர்ப் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் நான் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஜன்னல் வழியாக நான் அதிகம் பார்த்தது ஏரியை அல்ல, எர்மெஸின் முதுகை. எர்மெஸ் என் தங்கை நீவெஸின் கணவன். இசேயோ ஏரியில் ஓடும் பயணிகள் படகில் கயிற்றுக்காரன். படகு துறையை நெருங்கும்போது கயிற்றை வீசிக் கரையிலிருக்கும் இரும்புக் கட்டையில் மாட்டவேண்டும். பலகையைப் போட்டு ஜனங்களை இறக்கி ஏற்றவேண்டும். பிறகு கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கடைசி ஆளாகப் படகுக்குள் தாவவேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை இதையே செய்தான், முப்பத்தைந்து வருடம்.

மோசமான ஆள் இல்லை. ஆனால் காதலர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. கோடைக்காலத்தில் ஜோடி ஜோடியாக வந்து, பலகையின் நடுவில் நின்று முத்தம் கொடுத்துக்கொள்வார்கள். "ஏரி பக்கத்துலயே இருக்கு, தள்ளிவிட்டா தெரியும்" என்று முணுமுணுப்பான். இறங்கவேண்டிய ஊரைத் தவறவிட்டு யாராவது கத்தினால் அவனிடம் ஒரே பதில்தான்: "படகு என்ன கழுதையா, நடுவழியில திருப்ப?" இந்த வசனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அவனும் ஒரு காலத்தில் காதலன்தான். முப்பத்து நான்கு வருடத்துக்கு முன்பு ஓர் அக்டோபரில் கல்யாணம். தேனிலவுக்கு இரண்டு நாள். முதல் நாள் வேறொரு ஏரியின் கரையில் இருக்கும் கோமோ நகரம், மறுநாள் அங்கிருந்து படகில் கர்வாஸ்கோ என்கிற ஏரிக்கரை ஊர். தண்ணீரைப் பார்த்தபடி ஜன்னல் இருக்கிற அறையை நீவெஸே கடிதம் போட்டு ஏற்பாடு செய்திருந்தாள். கோமோவில் விடிந்ததும் ஓட்டலுக்குத் தொலைபேசி வந்தது. எங்கள் படகின் இன்னொரு கயிற்றுக்காரன் ஈரப் பலகையில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டானாம். மத்தியானத்துக்குள் எர்மெஸ் வேலைக்குத் திரும்பிவிட்டான். கர்வாஸ்கோவில் போடுவதற்காகத் தைத்த நீலக் கவுன் மடிப்புக்கூடக் கலையாமல் வீடு வந்தது. "அடுத்த வருஷம் போலாம்" என்றான். வருடா வருடம் சொன்னான்.

போன செப்டம்பரில் நீவெஸ் அவனிடம் போகவில்லை, என் ஜன்னலுக்கு வந்தாள்.

"டிசம்பரோட அவனுக்கு வேலை முடியுதுண்ணே."

"தெரியும். வழியனுப்பு விழாவுக்குக் கேக்குக்கே சொல்லியாச்சு."

"அதுக்கப்புறம் வீட்டுல என்கூட இருக்கப்போறது புருஷனா, இல்ல சும்மா ஒரு கயித்துக்காரனான்னு எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும். கோமோவுக்கு ரெண்டு நாள் போறோம். விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிக்கிறோம். அந்த ரெண்டு நாள்ல அவன் கயித்தைத் தொட்டான்னா, நான் அங்கிருந்தே பிரேஷாவுக்கு ரோசெல்லா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்ப மாட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அன்று சாயங்காலம் எங்கள் கடைசித் தங்கை ரோசெல்லாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மாடி ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சாச்சு" என்றாள். நீவெஸ் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அவள் நிபந்தனையைக் கேட்ட எர்மெஸுக்கோ கயிறு ஒரு பிரச்சினையாகவே படவில்லை. "ரெண்டு நாள் தொடாம இருக்க முடியாதா? நான் என்ன குடிகாரனா?" என்றான். அவனுக்கு ஏரிதான் பிரச்சினை. "கோமோவா? அது ஒரு ஏரியா மச்சான்? பணக்காரன் கால் கழுவுற தொட்டி!" எங்கள் ஏரிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். அந்த ஏரியைப் பார்த்தவர்கள்கூடச் சொல்வார்கள். அங்கே சாப்பாடு எப்படியிருக்குமோ என்று, எங்கள் ஊரில் வெயிலில் காயவைத்து எண்ணெயில் போட்ட கருவாட்டை ஒரு ஜாடி நிறையப் பெட்டியில் எடுத்துவைத்துக்கொண்டான்.

முதல் நாள் நன்றாகவே போனது. நகரத்துப் பெரிய மாதா கோயிலின் முன்னால் நின்று அண்ணாந்து வெகுநேரம் பார்த்தான். நீவெஸுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கையைக் கோத்துக்கொண்டு, "எதைப் பாக்குறே?" என்று கேட்டாள். அவன் பார்த்தது, சிற்பங்களைச் சுத்தம் செய்ய மேலே கட்டியிருந்த சாரத்தின் முடிச்சை. தப்பான முடிச்சு. தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "அழகா இருக்கு" என்றான். இதை அவனே என்னிடம் சொன்னான், பெரிய தியாகம் செய்த முகத்தோடு.

மத்தியானம் ஓட்டலில் மக்காச்சோளக் களியும் அவர்கள் ஏரிக் கருவாடும் வந்தன. இவன் மேசைக்கு அடியில் தன் ஜாடியைத் திறந்தான். வாசனை பரிமாறுகிறவரின் மூக்கை எட்டியது.

"என்னங்க இது?"

"இதுதாங்க கருவாடு. நீங்க கொண்டாந்து வச்சிருக்கறது அதோட சித்தப்பா பையன்."

சமையல்காரர் வெளியே வந்தார். பக்கத்து மேசைக்காரர்கள் ருசி பார்த்தார்கள். இரண்டு ஏரிக்கும் நடுவில் அரைமணி நேரம் போர் நடந்தது. நீவெஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாளாம். சாயங்காலம் பழைய கோட்டைச் சுவர் ஓரமாகக் கை பிடித்து நடந்தார்கள். "அவ கை இவ்வளவு சின்னதுன்னு எனக்குத் தெரியாது மச்சான்" என்றான் பிறகு. "கயிறு பிடிச்சுப் பிடிச்சு என் உள்ளங்கை மரத்துப்போச்சு. அதனால புறங்கையால தொட்டுப் பார்த்தேன்." கேட்டபோது எனக்கு என்னவோ போலிருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் மூன்று மணிப் படகில் கர்வாஸ்கோவுக்குக் கிளம்பினார்கள். நீவெஸ் நீலக் கவுனைப் போட்டிருந்தாள். இடுப்பில் இரண்டு இடத்தில் பிரித்துத் தைத்திருந்தாலும் அதே கவுன். அந்தப் படகின் கயிற்றுக்காரனுக்கு ஐம்பது வயதிருக்கும். காதுக்கும் தோளுக்கும் நடுவில் கைபேசியை இடுக்கிக்கொண்டு அம்மாவிடம் பேசியபடியே வேலை செய்தான். "சாப்பிட்டேம்மா. ஆமாம்மா, ஸ்வெட்டர் போட்டிருக்கேன்." ஒவ்வொரு துறையிலும் கயிறு சிக்கியது. எர்மெஸ் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டான்.

கர்வாஸ்கோ வந்தது. இறங்கினார்கள். எர்மெஸ் பெட்டிகளைக் கரையில் வைத்தான். பின்னால் கயிற்றுக்காரன் ஒற்றைக் கையால் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான், அது கட்டையில் இறுகிக்கிடந்தது. கேப்டன் ஹாரன் அடித்தார். அந்தச் சத்தம் எர்மெஸின் காதில் விழுந்தது, தலைக்குப் போகவில்லை, நேராகக் கைக்குப் போய்விட்டது. குனிந்தான். கயிற்றை ஒரு உதறு உதறிக் கழற்றினான். பலகையை உள்ளே தள்ளினான். முப்பத்தைந்து வருடமாகச் செய்ததைப் போலவே, கடைசி ஆளாகப் படகுக்குள் தாவினான்.

படகு கிளம்பிவிட்டது.

அதோடு விட்டானா? தினமும் காலையில் எங்கள் துறையில் நீவெஸைப் பார்த்துக் கை ஆட்டுவதுபோல, நிம்மதியான முகத்தோடு அவளைப் பார்த்துக் கையும் ஆட்டினான். இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நீலக் கவுனில் நின்றுகொண்டிருந்தாள் அவள். பழக்கத்தில் அவளும் கையைத் தூக்கினாள். பாதித் தூக்கியதும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

எர்மெஸ் கேப்டனிடம் ஓடினான். "ஐயோ, திருப்புங்க! என் பொண்டாட்டி அங்க நிக்கிறா!"

"அதுக்கு? படகு என்ன கழுதையா, நடுவழியில திருப்ப?" என்றார் கேப்டன். எல்லா ஏரியிலும் ஒரே வசனம்தான் போலிருக்கிறது.

என் ஜன்னலுக்குள் தொலைபேசி அடித்தது. நீவெஸ்.

"அண்ணே, அவன் படகுல ஏறிப் போயிட்டான்."

"நீ எங்க இருக்கே?"

"துறையில நிக்கிறேன். கயித்தை அவுத்து, தாவி, எனக்கு டாட்டாவும் காட்டினான்." அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. பிறகு அமைதியாகச் சொன்னாள்: "அஞ்சு இருபதுக்கு எதிர்க்கரையிலேர்ந்து கடைசிப் படகு வருது, அப்படியே கோமோ போகுது. அவன் அதுலதான் வரணும். அவன் இறங்கட்டும், நான் ஏறிக்கிறேன். ரோசெல்லாகிட்டச் சொல்லிடு."

அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது. எர்மெஸைக் கூப்பிட்டேன். எதிர்க்கரைத் துறையில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், வேணும்னு பண்ணல மச்சான். கை தானா..."

"அந்தக் கையை முதல்ல பாக்கெட்டுக்குள்ள விடு. அவ முன்னாடி போய் நிக்கிறவரைக்கும், ஆகாசமே இடிஞ்சு விழுந்தாலும் வெளிய எடுக்காதே. எடுத்தா உனக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது."

"சரி மச்சான்" என்றான்.

ஐந்து இருபதுக்குக் காற்று ஏறியிருந்தது. அதே படகு, அதே ஆள், அதே அம்மா. கர்வாஸ்கோ துறையை நெருங்கும்போது கயிற்றை வீசினான், கட்டையில் விழவில்லை. மறுபடி வீசினான், தண்ணீரில் விழுந்தது. காற்று படகின் பின்பக்கத்தைச் சுழற்றியது. பக்கவாட்டு மரத்தூணில் படகு மோதியது. பயணிகள் அலறினார்கள். ஒரு அம்மாளின் ஐஸ்கிரீம் பறந்தது.

கேப்டன் மேலிருந்து கத்தினார். "யோவ் பெரியவரே! மத்தியானம் கேக்காமலே தொட்டீரே, இப்பத் தொடுமய்யா!"

"தொட மாட்டேன்!"

"படகு இடிக்குதய்யா!"

"இடிக்கட்டும்! தொட மாட்டேன்!"

இரண்டு கையும் பாக்கெட்டுக்குள். பாக்கெட்டுக்குள்ளேயே விரல்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன என்று அவன் சொன்னான். முப்பத்தைந்து வருடத்தில் ஒரு படகையும் இடிக்கவிட்டதில்லை அவன். கன்னத்தில் கண்ணீர் ஓடியது, அதைத் துடைக்கவும் கையை எடுக்கவில்லை. நீவெஸ் அதைக் கரையிலிருந்து பார்த்தாள். ஏறுவதற்குத் தயாராகத் தன் பெட்டியைக் கையில் பிடித்திருந்தாள்.

மூன்றாவது வீச்சில் கயிறு அவள் காலடியில் வந்து விழுந்தது. பெட்டியைக் கீழே வைத்தாள். வளையத்தை எடுத்துக் கட்டையில் போட்டு, எர்மெஸ் செய்வதுபோலவே காலால் மிதித்து இறுக்கினாள். படகு பசுவைப் போல வந்து துறையில் ஒட்டிக்கொண்டது. முப்பத்து நான்கு வருடம் தினமும் சாயங்காலம் கடைசிப் படகுக்காகத் துறையில் வந்து நின்றவள் அவள். தூங்கிக்கொண்டா நின்றிருப்பாள்?

எர்மெஸ் இறங்கி அவள் முன்னால் போய் நின்றான். கை இன்னும் பாக்கெட்டில்.

"நீ கயித்தைத் தொட்டுட்டே" என்றான்.

"தொடக்கூடாதுன்னு சொன்னது உனக்கு. எனக்கில்ல."

"பிரேஷாவுக்குப் போறியா?"

அவள் பதில் சொல்வதற்குள் கேப்டன் ஹாரன் அடித்தார். எர்மெஸின் தோள் லேசாக ஆடியது. அவ்வளவுதான், நீவெஸ் பாய்ந்து இரண்டு கையையும் அவன் இடுப்பைச் சுற்றிப் போட்டு, பெல்ட்டைப் பின்பக்கம் முஷ்டியாகப் பிடித்துக்கொண்டாள். கயிற்றுக்காரன் அம்மாவிடம் விடைபெற்றுவிட்டு, வரலாற்றில் முதல்முறையாக இரண்டு கையாலும் கயிற்றை அவிழ்த்தான். கடைசிப் படகு போய்விட்டது. அது வளைவில் மறைகிறவரை அவள் விடவில்லை.

துறையில் நின்ற ஹாலந்துக்காரர் ஒருவர் இதைப் படம் எடுத்து, விலாசம் கேட்டு அனுப்பிவைத்தார். பின்னால் மலை, மாலை வெளிச்சம், நீலக் கவுன், இறுக்கிய அணைப்பு. அது இப்போது என் டிக்கெட் ஜன்னலில் ஒட்டியிருக்கிறது. டிசம்பரில் எர்மெஸ் ஓய்வு பெற்றான். கேக் வெட்டினோம். ரோசெல்லா அந்த மாடி அறையில் தையல் மெஷினைப் போட்டுவிட்டாள்.

டிக்கெட் வாங்க வருகிற ஜோடிகள் படத்தைப் பார்த்து, "என்ன ஒரு காதல்!" என்று உருகுவார்கள். எனக்குப் பொறுக்காது. "காதலும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. அவ கையை நல்லாப் பாருங்க, திரும்ப ஓடிப்போயிடுவான்னு பெல்ட்டைப் பிடிச்சிருக்கா" என்பேன்.

போன வாரம் ஒரு ஜோடியிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர்களுக்குப் பின்னால் நீவெஸ் நின்றிருந்தாள். பக்கத்தில் எர்மெஸ், ஏரிக்கு முதுகு காட்டி.

"அது காதல் இல்லாம வேற என்னண்ணே?" என்று கேட்டாள்.

நான் அந்த ஜோடிக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.